பச்சை விளக்கும் ஐந்தரை மணி நேரமும்

பிப்ரவரி 2, ஞாயிறு

யு.பி.எஸ். வந்துவிட்டது. கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் வைத்து இணைத்தேன். சுவரில் இருக்கும் சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, பக்கத்தில் ஒரு தாளில் 'அணைக்கக் கூடாது - ஆவுடை' என்று எழுதி வைத்தேன். பெயரைப் போட்டது வேண்டுமென்றுதான். தம்பியின் இந்த வீட்டில் என் பெயர் எழுதிய பொருள் வேறு எதுவும் இல்லை.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. மிக்ஸி, டி.வி., செல்போன் சார்ஜர் என்று எதை உபயோகித்தாலும் முடிந்ததும் சுவரில் அணைத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். இத்தனை நாள் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள்.

"கரண்டு சும்மா ஓடிக்கிட்டே இருக்கும்லா. இடி விழுந்தா என்ன செய்வ?"

"பேட்டரி சார்ஜ் ஏறணும்மா. அணைச்சா அது செத்துப்போகும்."

"செத்தாச் சாகட்டும். வீடு எரியாம இருக்கும்லா."

டேப் அப்படியேதான் இருக்கிறது. யாராவது தொட்டுப் பார்க்கட்டும்.

இந்த நோட்டு லேப் பழக்கம். பொறியியல் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்த காலத்தில், எந்த மிஷினில் என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று தேதி போட்டு எழுத வேண்டும். கல்யாணத்தோடு லேப் போயிற்று. பழக்கம் போகவில்லை.

இப்போது சென்னை அலுவலகம் ஒன்றுக்கு விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். வாரத்துக்கு இரண்டு பதிவு. புதனும் சனியும் மாலை ஆறு மணிக்குள் போக வேண்டும். இரகசியம் என்பதால், அந்தப் பதிவுகள் இந்த வீட்டு நெட் லைனில், இந்த மிஷினில், நான் போட்டிருக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் மட்டும்தான் திறக்கும். மொபைல் நெட்டில் திறக்காது. சோதனைக் காலம் இந்த மாதம் முடிய. மூன்று தடவை தாமதமானால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் தென்காசிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று தம்பி சிவசைலம் பேசி முடித்துவிட்டான். நானும் ரோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

தென்காசி என்று நான் எழுதுவது ஊரை அல்ல. அங்கே இருக்கும் ஆளை, நான் விட்டு வந்த புருஷனை. பெயர் எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் காலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் தட்டச்சு சொல்லிக்கொடுக்கிறேன். திரும்பி வந்து இரண்டு மணிக்கு மிஷினைப் போட்டால் நெட் இல்லை. பின்பக்கம் நெட்வொர்க் கார்டில் எரியும் சின்னப் பச்சை விளக்கு அணைந்து கிடக்கிறது. லினக்ஸுக்குக் கார்டு தெரிகிறது, கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமும் ஏறியிருக்கிறது. ஆனால் கேபிளே செருகவில்லை என்று சாதிக்கிறது. கேபிள் என் கண் முன்னால் செருகியிருக்கிறது.

மணியும் தப்பாகக் காட்டுகிறது. மத்தியானம் இரண்டுக்கு இரவு ஏழரை என்கிறது. பழைய மிஷின், கடிகாரத்துக்காகப் போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி போயிருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

லைன்காரர் ஜெபராஜ் வந்தார். கேபிளைத் தன் லேப்டாப்பில் செருகினார்.

"அக்கா, லைன்ல ஒண்ணுமே இல்ல. இதுல பறக்குது பாருங்க."

பிறகு என்னைக் கேட்காமலே மிஷினை மறுபடி போட்டு, சைலம் ஆபீஸிலிருந்து இதைக் கொண்டுவந்த காலத்தில் அதில் கிடந்த பழைய விண்டோஸைத் திறந்தார். நெட் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு அவமானமாக இருந்தது.

"வருதுல்லா. பெறகென்ன? லினக்ஸத் தூக்கிட்டு இதையே வச்சுக்கோங்க. நீங்களும் இதுல அடிக்கடி வேலை பாப்பீங்க போலுக்கு. அப்டேட்லாம் போன வாரந்தான் ஓடியிருக்கு."

"தானா ஓடியிருக்கும்" என்றேன்.

செண்பகம் அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளர் ஆடித் தட்டில் சிந்தியது. சூடாக இருந்திருக்கும். செண்பகம் என் தம்பி மனைவி, கோவில்பட்டிக்காரி. பி.எஸ்சி. கணக்கு என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டிருந்தது, அதோடு சரி. வாயில்லாப் பூச்சி. மூன்று வயது நித்திலாவைப் பால்வாடிக்கு அனுப்புவாள், சமைப்பாள், துவைப்பாள். நான் வந்த புதிதில் ஒருநாள் இந்த மிஷினில் எதையோ அழுத்தி, நான் அடித்து வைத்திருந்த நாலு பக்கம் போயிற்று. அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி இதை யாரும் தொடக் கூடாது என்று. லினக்ஸுக்குக் கடவுச்சொல்லும் போட்டேன்.

ஜெபராஜ் போன பிறகு லினக்ஸைத் திறந்தேன். விளக்கு மறுபடி இறந்துவிட்டது. மணி ஆறு ஆயிற்று. முதல் தாமதம்.

லினக்ஸைத் தூக்க மாட்டேன். இந்த வீட்டில் நானாகத் தேர்ந்தெடுத்தது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் போனில் தேடி, வேறொரு டிரைவரை இறக்கி, பென்டிரைவில் ஏற்றிப் போட்டேன். நாலு தடவை பிழை சொன்னது. ஐந்தாவது தடவை ஏறியது. விளக்கு எரியவில்லை. அதற்குள் ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பாம். யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்தது, நான் மிஷினைப் போட்டேன், விளக்கு எரிந்தது, நெட் வந்தது, மணியும் சரியாக இருந்தது.

புது டிரைவர்தான். எனக்குத் தெரியும். புதன்கிழமைப் பதிவை அனுப்பிவிட்டுத்தான் முகம் கழுவினேன்.

"சரியாயிட்டா?" என்று சைலம் வாசலிலிருந்தே கேட்டான்.

"டிரைவர் கோளாறு. மாத்திட்டேன்" என்றேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்ஸ்டிடியூட். வந்து பார்த்தால் விளக்கு இல்லை. மணியும் தப்பு.

பிப்ரவரி 8, சனி

டிரைவரைக் கழற்றினேன், பழையதைப் போட்டேன், அதையும் கழற்றினேன். புதுக் கேபிள் வாங்கி வந்தேன். ஆறு மணி. இரண்டாவது தாமதம்.

சைலம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான். "இன்னும் ஒண்ணு. அப்புறம் நீ சொன்ன சொல்லுக்கு நிக்கணும்."

"நிப்பேன்" என்றேன். "எங்க நிப்பேன்னு பொறுத்துப் பாரு."

பிப்ரவரி 9, ஞாயிறு

தென்காசியின் அண்ணன் இருபத்து மூன்றாம் தேதி காலை பதினோரு மணிக்குப் பேச வருகிறாராம். சைலம் என்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டான். அம்மா எந்தப் பலகாரம் செய்வது என்று செண்பகத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒயரையெல்லாம் உருவி, கேபினெட்டைத் திறந்து, ஒரு சுற்றுத் தூசி தட்டி, போர்டில் புதுப் பேட்டரி போட்டேன். மூடி, செருகி, போட்டேன். நெட் வந்தது, சனிக்கிழமைப் பதிவும் போயிற்று. பேட்டரிதான் காரணம் என்று பெரிய எழுத்தில் எழுத நினைத்தேன். வியாழனன்று டிரைவர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சின்னதாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மறுபடியும் விளக்கு இல்லை. நாளைக்கு ஆறு மணிக்குள் பதிவு போக வேண்டும். இது மூன்றாவது.

மேசைக்கு அடியில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அழுதேன், பிறகு எழுந்தேன். திரையில் மணியைப் பார்த்தேன். மத்தியானம் இரண்டு, அது ஏழரை என்கிறது. நேற்றுப் போட்ட பேட்டரி. இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். நாலாம் தேதியும் இரண்டு மணிக்கு ஏழரை. போன பேட்டரி கண்டபடி ஓடும், நின்றுபோகும். தினம் கச்சிதமாக ஐந்தரை மணி நேரம் பிந்தவோ முந்தவோ செய்யாது.

ஐந்தரை மணி நேரம் என்பது இங்கிலாந்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம். லினக்ஸ், மிஷினின் கடிகாரத்தை இங்கிலாந்து மணியில் வைத்துக்கொண்டு, திரையில் ஐந்தரையைக் கூட்டிக் காட்டும். விண்டோஸ் அதே கடிகாரத்தில் நம்மூர் மணியையே எழுதிவிடும். அதற்குப் பிறகு லினக்ஸ் திறந்தால் ஐந்தரை கூடுதலாகத்தான் தெரியும். நெட் இருந்தால் ஒரு நொடியில் தானே திருத்திக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. நெட் இல்லாவிட்டால் காட்டிக் கொடுத்துவிடும்.

போனில் யாரோ ஒரு பிரேசில்காரர் எழுதியதைப் படித்தேன். அவருடைய மிஷினிலும் இரண்டும் இருக்கின்றன. சிக்கனத்துக்காக விண்டோஸ் அணையும்போது கார்டைத் தூங்க வைத்துவிடுமாம். லினக்ஸுக்கு அதை எழுப்பத் தெரியாது. பவரை அடியோடு நிறுத்திப் பத்து விநாடி கழித்துப் போட்டால் விழித்துக்கொள்ளும்.

அம்மா சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தவரை கார்டு தினமும் விழித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் டேப் ஒட்டினேன், அது தூங்கிவிட்டது.

அதெல்லாம் இருக்கட்டும். நான் விண்டோஸைத் தொடுவதில்லை. அப்படியானால் யார் தொடுகிறார்கள்?

சைலம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவன். நான் தோற்க வேண்டும் என்று நினைக்கிறவன். அவனேதான். என்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருக்கிறேன். எதுவும் மரியாதையான வார்த்தை இல்லை.

பிப்ரவரி 12, புதன்

காலையில் ஒயரை உருவிப் பத்து எண்ணினேன். செருகினேன். பச்சை விளக்கு. பதினொரு மணிக்கே பதிவை அனுப்பிவிட்டேன்.

பிறகு அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க விண்டோஸைத் திறந்தேன். 'நித்திலா பிறந்தநாள்' என்று ஒரு ஃபோல்டர். போட்டோ என்று நினைத்தேன். நாற்பதுக்கும் மேல் அரசுப் பணித் தேர்வு மாதிரி வினாத்தாள்கள். கூடவே தேதியும் மதிப்பெண்ணும் எழுதிய ஒரு பட்டியல். செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி. நான் இன்ஸ்டிடியூட்டிலும் அம்மா கோயிலிலும் இருக்கும் நேரம். செப்டம்பரில் இருநூற்றுக்கு 74. நேற்று 161. ஒரே ஒரு வாரம் விட்டுப் போயிருக்கிறது. நித்திலாவுக்கு அம்மை போட்டிருந்த வாரம் அது.

எல்லாவற்றையும் இருந்தபடியே மூடிவிட்டு, ஒயரை மறுபடி உருவிப் பத்து எண்ணினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

அம்மா மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செண்பகம் சமையலறையில் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாளு நூத்தி அறுவத்தொண்ணா?" என்றேன்.

கத்தி நின்றது. அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு வேலை போயிரும்னு ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல மதினி. என்னாலதானான்னும் தெரியல. கேக்கவும் பயம்."

"பயம்னா முந்தாநாளு எதுக்கு மறுபடியும் போட்ட?"

"பரீட்சைக்குப் பத்து நாளுதான் கெடக்கு."

மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. காயை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

"சைலத்துக்குத் தெரியுமா?"

"வேலைக்குப் போனாப் பிள்ளைய யாரு பாப்பான்னு கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாக. அப்பப் பிள்ளையே கெடையாது."

"எங்கிட்டயாவது கேட்டிருக்கலாம்லா."

"நீங்கதான் தொடக் கூடாதுன்னீக."

தென்காசி வீட்டில் டி.வி. ரிமோட் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். எது பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். ஏழு வருஷம் கேட்டு வாங்கினேன். இங்கே வந்து முதல் வேலையாக நான் செய்தது லினக்ஸுக்குக் கடவுச்சொல் போட்டது. இதற்கு மேல் இன்று அதைப் பற்றி எழுதவில்லை.

விண்டோஸில் கார்டைத் தூங்க வைக்கும் இடத்தைத் தேடி, அதிலிருந்த டிக்கை எடுத்தேன். ஒரு கிளிக். கோளாறு முடிந்தது. சுவிட்சுக்கும் இதற்கும் இனிச் சம்பந்தம் இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்ஸ்டிடியூட்டில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். 168.

பிப்ரவரி 15, சனி

மத்தியானமே பதிவு போயிற்று. சாப்பிடும்போது சைலம் கேட்டான்.

"அப்படி என்னதான் ஆச்சு ஒன் மிஷினுக்கு?"

என்னிடம் பதில் இருந்தது. கார்டு, டிரைவர், ஐந்தரை மணி நேரம் என்று கால் மணி நேரம் பேசுவதற்கு இருந்தது. லினக்ஸில் தப்பில்லை, டிரைவரில் தப்பில்லை, என்னிடமும் தப்பில்லை என்று ஆணி அடித்த மாதிரி சொல்லியிருக்கலாம். செண்பகம் ரசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியல" என்றேன்.

"ஒனக்கா தெரியல?"

"சுவிட்ச அணைக்கணும்னு அம்மா சொன்னால்லா. எல்லாத்தையும் அணைச்சுப் போட்டேன். சரியாயிட்டு."

சிரித்தான். புரையேறும் வரை சிரித்தான். "லேப்ல வேல பாத்தவளாம். டிரைவர மாத்தினாளாம். அம்மாதான் ஒனக்கு இன்ஜினியரு." அம்மா எழுந்து போய் டேப்பைத் தன் கையாலேயே உரித்தாள். என் பெயர் எழுதிய தாளும் அதோடு வந்துவிட்டது.

"பெரியவுக சொன்னாக் கேக்கணும்ட்டி" என்றாள்.

என் முப்பத்தெட்டு வயதில் ஒரு வாக்குவாதத்தில் தெரிந்தே தோற்றது இதுதான் முதல் தடவை. மூக்கு வரைக்கும் வந்த கோபத்தை ரசத்தோடு சேர்த்து விழுங்கினேன். செண்பகம் என் தட்டில் இன்னொரு அப்பளத்தை வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 17, திங்கள்

இரண்டு தாமதத்துக்கும் காரணம் கேட்டு அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. 'என் கவனக்குறைவு' என்று எழுதினேன். பொய் என்று நினைத்துத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தபோது பொய்யாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஏற்றுக்கொண்டார்கள். மார்ச் முதல் தேதியிலிருந்து வேலை நிரந்தரம். இரண்டு தடவை படித்துவிட்டு சைலத்திடம் காட்டினேன்.

"நல்லதுதான். ஆனா அவுக வாரேன்னு சொன்னது சொன்னதுதான். ஞாயித்துக்கெழம வந்து ஒரு வார்த்த பேசிட்டுப் போகட்டும். நீ வீட்ல இரு."

செண்பகத்தின் ஹால் டிக்கெட்டை இன்ஸ்டிடியூட்டில் அச்செடுத்து வந்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதே ஞாயிறு, காலை ஒன்பதரை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம். எதிரில் வேப்பமரத்தடியில், வரிசையாக நிறுத்திய பைக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இருவரும் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினோம். நித்திலா தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்டுக்குள் போகுமுன் செண்பகம் திரும்பி நின்றாள்.

"அவுக போன் பண்ணா மறைக்க வேண்டாம் மதினி. நா உள்ள போயிட்டேன்னா சொல்லிருங்க."

"கோவப்படுவான்."

"படட்டும். எழுதி முடிச்சிட்டு வந்து நானும் படுதேன்."

வாயில்லாப் பூச்சி என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்து அழிக்கவில்லை. நான் எப்படிப் பார்த்தேன் என்பதற்குச் சாட்சியாக இருக்கட்டும்.

பத்தே முக்காலுக்குச் சைலத்திடமிருந்து போன் வந்தது.

"தென்காசியிலேருந்து ஆளு வந்து உக்காந்திருக்கு. எந்தக் கோயிலு, எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"கோயில் இல்ல. செண்பகம் பரீட்ச எழுதுதா. நாந்தான் கூட்டிட்டு வந்தேன்."

"என்ன பரீட்ச?"

"கவர்மெண்டு வேலைக்கு. ஆறு மாசமாப் படிக்கா. அந்த மிஷின்லதான் படிச்சா. அது கெட்டுப்போனதுக்கும் அதான் காரணம். அன்னைக்குத் தெரியலன்னு சொன்னேன்லா, தெரியும்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"அந்தச் சனியன் வீட்டுக்குள்ள வந்ததுலேருந்து... இன்னைக்கே தூக்கி வெளிய போடுதேன் பாரு."

"தூக்கு. அடியில யு.பி.எஸ். கனமா இருக்கும், இடுப்பப் பாத்துக்கோ. மறக்காம சுவிட்ச அணைச்சுட்டுத் தூக்கு. இல்லன்னா அம்மா வைவா."

போனில், அவனுக்குப் பின்னால் நித்திலா அழுதாள்.

"இவுகளுக்கு நா என்ன பதில் சொல்ல?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"ஆவுடைக்கு வேலை இருக்குன்னு சொல்லு. அவ வர மாட்டான்னு சொல்லு. காப்பி குடுத்து அனுப்பு. பிள்ளைக்கு இட்லி ஊட்டு, சட்னி வேண்டாம், சீனி தொட்டுக் குடு."

நானே வைத்துவிட்டேன். பயம் இல்லை என்று எழுத ஆசை. பயம்தான். ஆனாலும் மறுபடி போன் வந்தால் மறுபடியும் இதையேதான் சொல்வேன்.

பன்னிரண்டரை மணிக்கு மணி அடித்தது. செண்பகம் வெளியே வந்தாள். விரலெல்லாம் மை.

"சொல்லிட்டீகளா?"

"சொல்லிட்டேன்."

"சரி" என்றாள். "பசிக்கி மதினி."

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று வீட்டில் நடந்ததை எழுதி இடத்தை வீணாக்கப் போவதில்லை. சைலம் கத்தினான். செண்பகமும் கத்தினாள். அவள் குரல் அவ்வளவு உயரம் போகும் என்று அம்மாவுக்கும் நேற்றுத்தான் தெரியும். இன்று காலை பழையது சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்த்தபடியே, "கணக்குல எத்தன போட்ட?" என்று கேட்டான். "எல்லாம்" என்றாள் அவள்.

மிஷின் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அம்மா சுவிட்சை அணைத்து வைத்திருந்தாள். போட்டேன். நேற்றுச் சாயங்காலமே லினக்ஸில் இன்னொரு கணக்குத் திறந்துவிட்டேன், இனி விண்டோஸுக்குள் ஒளிய வேண்டியதில்லை. திரையில் இரண்டு பெயர் வந்தது. ஆவுடை, செண்பகம்.

பச்சை விளக்கு எரிந்தது. மணி சரி.